லிங்க்ட்இன்னில் தனிச்செய்தி எழுதுவது எப்படி? முதன்முறை எழுதுவோருக்கான செய்முறை விளக்கம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில், ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில், வேலை தேடும் இறுதியாண்டு மாணவர்கள் சிலருக்கு விண்ணப்பம் எழுத உதவி வருகிறேன். அவர்களில் பெரும்பாலோருக்கு, வேலை, தொழில் தொடர்புகளுக்கான வலைத்தளமான லிங்க்ட்இன்னில் கணக்கு இருக்கிறது. ஆனால் முன்பின் அறியாத ஒருவருக்கு அதில் எழுதுங்கள் என்றால் கை ஓடுவதில்லை. துணிந்து எழுதுபவர்களோ "சார், ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்" என்ற ஒரே வரியை நாற்பது பேருக்கு அனுப்பிவிட்டு, ஒருவரிடமிருந்தும் பதில் வரவில்லையே என்று சோர்ந்துபோகிறார்கள். குடிகாடு சிப்காட் வளாகத்தில் ஒரு ரசாயன ஆலையில் ஷிப்ட் பார்க்கும் பொறியாளரால் வேலை போட்டுத் தர முடியாது. ஆனால் அந்த வேலை எப்படிப்பட்டது, நேர்காணலில் எதைக் கேட்பார்கள், கல்லூரியில் சொல்லித்தராத எதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பதையெல்லாம் அவர் இரண்டே நிமிடங்களில் சொல்லிவிடுவார். அவரால் தரக்கூடியதை அவரிடம் கேட்க வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்காகவே.

படி 1: யாருக்கு எழுதலாம்?

இலவசக் கணக்கு வைத்திருப்பவர் தம்முடன் நேரடியாக இணைந்தவர்களுக்குத்தான் பொதுவாகத் தனிச்செய்தி அனுப்ப முடியும். பெயருக்குப் பக்கத்தில் ஒன்று என்ற எண் இருந்தால் அவர் நேரடி இணைப்பு. இரண்டு என்றால் உங்கள் இணைப்பில் உள்ள ஒருவருடன் இணைந்தவர். இணையாதவர்களுக்கு எழுத இன்மெயில் என்ற வசதி இருக்கிறது. அது கட்டணச் சந்தாவோடு வருவது. தொடக்கநிலையில் உள்ளவருக்கு அது தேவையே இல்லை. முதலில் இணைப்புக்கு அழைப்பு அனுப்பி, அவர் ஏற்றுக்கொண்ட பிறகு எழுதினால் போதும்.

ஆளைத் தேட எளிய வழி உங்கள் கல்லூரிதான். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகமோ, காலாப்பட்டு புதுவைப் பல்கலைக்கழகமோ, நீங்கள் படித்த நிறுவனத்தின் லிங்க்ட்இன் பக்கத்துக்குச் சென்று 'அலும்னி' என்ற பகுதியைத் திறந்தால், அங்கே படித்தவர்களை வசிக்கும் ஊர், பணிபுரியும் நிறுவனம், படித்த பாடம் என வடிகட்டிப் பார்க்கலாம். நெய்வேலியில் இருப்பவர், சேதராப்பட்டில் இருப்பவர், துபாயில் இருப்பவர் எனத் தனித்தனியே கிடைப்பார்கள். ஒரே கல்லூரியில் படித்தவர் என்பதே உங்கள் செய்தியை அவர் திறந்து பார்க்கப் போதுமான காரணம்.

படி 2: உங்கள் பக்கத்தைச் சரிசெய்தல்

அழைப்பைப் பெறுபவர் முதலில் உங்கள் பக்கத்தைத்தான் திறப்பார். முகம் தெளிவாகத் தெரியும் ஒரு படம், என்ன படிக்கிறீர்கள் என்று சொல்லும் ஒரு தலைப்பு வரி, செய்த ஒரு புராஜெக்டைப் பற்றி இரண்டு வாக்கியம் ஆகியவை இருந்தால் போதும்.

படி 3: அழைப்புடன் செல்லும் குறிப்பு

'கனெக்ட்' பொத்தான் வெளியே தெரியாவிட்டால் 'மோர்' என்பதற்குள் இருக்கும். சில நேரங்களில் அதைத் தொட்டவுடனே குறிப்பு இல்லாமல் வெறும் அழைப்பு போய்விடுகிறது. அதனால் முதல் சில அழைப்புகளையாவது கணினியிலிருந்து, 'ஆட் எ நோட்' என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். இலவசக் கணக்கில் மாதந்தோறும் சில அழைப்புகளுக்கு மட்டுமே குறிப்பு சேர்க்க முடியும்; அதுவும் 200 எழுத்துகளுக்குள் அடங்க வேண்டும்.

தமிழில் எழுதுபவர்கள் இந்த 200 என்ற கணக்கைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 'சார்' என்பது நமக்கு இரண்டு எழுத்து. கணினியோ ச, கால், ர, புள்ளி என்று அதை நான்காக எண்ணுகிறது. கீழே உள்ள குறிப்பைப் பாருங்கள்:

"வணக்கம் சார். நான் சிதம்பரத்தில் வேதிப்பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். குடிகாடு சிப்காட்டில் உங்கள் பணி பற்றி ஒரு கேள்வி கேட்க விரும்புகிறேன்."

பதினாறே சொற்கள், ஆனால் இடைவெளிகளையும் சேர்த்து 145 இடங்களை எடுத்துக்கொள்கிறது. ஆகவே யார், எங்கிருந்து, எதற்காக என்ற மூன்றையும் சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். அவருடைய பக்கம் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தால் ஆங்கிலத்தில் எழுதுவது அவருக்கு வசதி. தமிழில் பதிவுகள் போடுபவராக இருந்தால் தயங்காமல் தமிழிலேயே எழுதலாம்.

அனுப்பிய அழைப்பை அவசரப்பட்டுத் திரும்பப் பெறாதீர்கள். திரும்பப் பெற்றால், அதே நபருக்கு மறுபடி அழைப்பு அனுப்ப மூன்று வாரம் வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.

படி 4: முதல் செய்தி

செய்தியை லிங்க்ட்இன் பெட்டிக்குள் நேரடியாகத் தட்டாமல், வேறொரு இடத்தில் எழுதித் திருத்திய பிறகு ஒட்டுங்கள். கணினியில் என்டர் விசையை அழுத்தினால் அடுத்த வரிக்குப் போவதற்குப் பதில் செய்தி கிளம்பிவிடக்கூடும். என்னிடம் வந்த ஒரு மாணவி "வணக்கம் மேடம், எனக்கு" என்ற மட்டில் அனுப்பிவிட்டுக் கலங்கிப்போனாள். இப்படி நேர்ந்தால் பதற வேண்டாம்: அனுப்பிய 60 நிமிடத்துக்குள் செய்தியைத் திருத்தலாம், நீக்கவும் செய்யலாம்.

செய்தியில் நன்றி ஒரு வரி, உங்களைப் பற்றி ஒரு வரி, அதன் பின் கேள்வி. அந்தக் கேள்வியில்தான் நேரம் செலவிட வேண்டும். "எனக்கு வழிகாட்டுங்கள்" என்பதற்கு எந்த இடத்திலிருந்து பதில் தொடங்குவது என்றே எதிரில் இருப்பவருக்குப் புரியாது. "உங்கள் துறையில் எதிர்காலம் எப்படி?" என்பதும் அப்படித்தான். பின்வருவதைப் போல எழுதிப் பாருங்கள்:

"அழைப்பை ஏற்றதற்கு நன்றி சார். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு பற்றிக் கல்லூரியில் புராஜெக்ட் செய்திருக்கிறேன். ஆலையில் புதிதாகச் சேரும் பயிற்சிப் பொறியாளரை முதல் ஆறு மாதம் எந்தப் பிரிவில் வைப்பார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். நேரம் கிடைக்கும்போது ஒரு வரி எழுதினால் போதும்."

இதற்கு அவர் பஸ்ஸில் போகும்போதே பதில் தட்டிவிடலாம். விண்ணப்பத்தை முதல் செய்தியோடு இணைக்க வேண்டாம். அவரே கேட்கும்போது பி.டி.எஃப். வடிவில் அனுப்புங்கள்.

பெண்களுக்கு எழுதும் இளைஞர்களிடம் இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். படத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாதீர்கள். கைப்பேசி எண் கேட்காதீர்கள். காலையில் வணக்கச் செய்தி அனுப்பாதீர்கள். வேலை தொடர்பாக மட்டும் எழுதினால்தான், அடுத்ததாக எழுதும் மாணவனுக்கும் அவர்கள் பதில் சொல்வார்கள்.

படி 5: காத்திருத்தல்

செய்தியை அவர் படித்துவிட்டார் என்று திரை காட்டினாலும், அன்றே பதில் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஷிப்ட் முடித்து வீடு திரும்புபவருக்கு ஞாயிறுதான் ஓய்வாக இருக்கலாம். பத்து நாள் கழித்து ஒரே ஒரு முறை, பணிவாக நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். பதில் வந்தால், அவர் சொன்னதைச் செய்து பார்த்து, என்ன ஆயிற்று என்று சில வாரம் கழித்து ஒரு வரி எழுதுங்கள். இதை எழுதுபவர்கள் மிகக் குறைவு என்பதால், எழுதியவரைப் பெரும்பாலும் மறக்கமாட்டார்கள்.

உங்கள் செய்திப்பெட்டி 'ஃபோகஸ்டு', 'அதர்' என இரண்டாகப் பிரிந்திருந்தால், இரண்டாவதையும் வாரம் ஒருமுறை பாருங்கள். முக்கியமான செய்திகள் சில அங்கே ஒதுங்கிக் கிடப்பதுண்டு.

படி 6: உங்களைத் தேடி வரும் செய்திகள்

நம் மாவட்டத்திலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்கள் அதிகம். மோசடிக்காரர்களும் அதை அறிந்தே எழுதுகிறார்கள். நேர்காணலே இல்லாமல் வேலை உறுதி என்று சொல்வது, உடனே வாட்ஸ்அப்புக்கோ டெலிகிராமுக்கோ வரச் சொல்வது, பதிவுக் கட்டணம் கேட்பது ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் அந்த உரையாடலை நிறுத்துங்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் முகவர் 1983 குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு பெற்றவர்களின் பட்டியலை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். லிங்க்ட்இன் செய்திகளுக்கு வாட்ஸ்அப்பில் இருப்பதுபோல, அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கக்கூடிய இருமுனை மறையாக்கம் கிடையாது. ஆதார், பாஸ்போர்ட், வங்கி விவரம் எதையும் அதன் வழியே அனுப்பாதீர்கள்.

சந்தேகமான செய்தி வந்தால், முதலில் அதையும் அனுப்பியவரின் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிறகு உரையாடலின் மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டுப் புகார் செய்து, அவரைத் தடை செய்யுங்கள். ஏற்கெனவே பணம் போய்விட்டிருந்தால், வீட்டில் சொல்லத் தயங்கிக்கொண்டு ஒரு நாளைக்கூட வீணாக்காமல், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள்.