பாக்டீரியா மரபணுத்தொகை ஆய்வு: சத்தமில்லாமல் நுழையும் தவறுகள்

பாக்டீரியா மரபணுத்தொகை ஆய்வில் தவறு நேர்ந்தால் மென்பொருள் பெரும்பாலும் எச்சரிக்காது. கலப்படமான டி.என்.ஏ-வைக் கொடுத்தாலும், துண்டுகளை இணைக்கும் மென்பொருளான ஸ்பேட்ஸ் ஓர் அசெம்ப்ளியை (இணைத்து உருவாக்கிய மரபணுத்தொகையை) தரும். பொருந்தாத ரெஃபரன்ஸை (ஒப்பிடப் பயன்படும் முன்மாதிரி மரபணுத்தொகையை) கொடுத்தாலும், அதோடு ஒப்பிடும் ஸ்னிப்பி ஒரு எஸ்.என்.பி (ஓர் எழுத்து வேறுபாடு) பட்டியலைத் தரும். அதை வைத்து ஐ.க்யூ-ட்ரீ அழகாக ஒரு வம்சாவளி மரமும் வரைந்துவிடும். ஆகவே ஒவ்வொரு படியிலும் வரும் எண்களை, அந்தக் கிருமியைப் பற்றி ஏற்கெனவே தெரிந்த எண்களோடு ஒப்பிட்டபடியே போக வேண்டும்.

கவரேஜும் கலப்படமும்

50 லட்சம் எழுத்து (டி.என்.ஏ-வின் ஏ, சி, ஜி, டி) நீளமுள்ள மரபணுத்தொகைக்கு 100 மடங்கு கவரேஜ் (ஒவ்வோர் இடமும் சராசரியாக 100 முறை படிக்கப்படுவது) என்றால் 50 கோடி எழுத்துகள். 150 எழுத்து ரீட்கள் (கருவி ஒரே மூச்சில் படிக்கும் துண்டுகள்) ஜோடியாக வருவதால், ஏறத்தாழ 16.7 லட்சம் ஜோடிகள் போதும். 30 மடங்குக்குக் கீழே போனால் அசெம்ப்ளி துண்டு துண்டாகும் என்பது பலருக்குத் தெரியும். 500 மடங்கும் கெடுதல்தான் என்பது அவ்வளவாகத் தெரிவதில்லை. ரீட்கள் பெருகும்போது அதே இடத்தில் அதே வாசிப்புப் பிழை பலமுறை வரும். அசெம்ப்ளர் அதை உண்மையான வேறுபாடாக எடுத்துக்கொள்ளத் தொடங்கும். ராசூசா போன்ற கருவியால் 100 மடங்குக்குக் குறைத்துக்கொள்வது நல்லது.

இ.கோலை கே-12 எம்.ஜி.1655 திரிபின் நீளம் 46,41,652 எழுத்துகள், ஜி.சி அளவு (ஜி, சி எழுத்துகளின் பங்கு) 50.8 சதவீதம். மருத்துவமனைத் திரிபுகள் 50 லட்சத்தைத் தாண்டுவது வழக்கம். ஆனால் அசெம்ப்ளி 75 லட்சம் காட்டினால் குழாயில் இரண்டு உயிரிகள் இருக்கின்றன என்று பொருள். கூட வந்தது ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்றால் அதன் ஜி.சி சுமார் 33 சதவீதம்; தரம் காட்டும் ஃபாஸ்ட்க்யூசி கருவியின் ஜி.சி வரைபடத்தில் இரண்டு மேடுகள் தெரியும்.

ஒரே இனத்தின் இரண்டு திரிபுகள் கலந்தால்தான் சிக்கல். நீளம், ஜி.சி இரண்டுமே சரியாக இருக்கும். ரீட்களின் இனத்தைக் கண்டறியும் கிராக்கென் ஒரே இனம் என்றே சொல்லும். ரீட்களை அவற்றின் சொந்த அசெம்ப்ளியின் மீதே பொருத்திப் பாருங்கள். பாக்டீரியாவுக்கு ஒற்றைக் குரோமோசோம் தொகுதிதான். எனவே எந்த இடத்திலும் ஒரே எழுத்து கிட்டத்தட்ட 100 சதவீதம் வர வேண்டும். ஆர்.ஆர்.என்.ஏ (ரைபோசோமின் ஆர்.என்.ஏ) போன்ற பல பிரதி மரபணுக்களில் இரண்டு எழுத்து தெரிவது இயல்பு. மரபணுத்தொகை முழுக்க 70-30 என்று பிரிந்து கிடந்தால் அது கலவை. இதை மென்பொருளால் சரிசெய்ய முயலாமல், மீண்டும் தட்டில் கோடிட்டு ஒற்றைக் காலனியை எடுத்து வரிசைப்படுத்துங்கள். காசநோய்க் கிருமியில் ஒரு விதிவிலக்கு: ஒரே நோயாளிக்கு இரண்டு திரிபுகள் உண்மையிலேயே தொற்றியிருக்கலாம், ஆகவே கலவை என்றதும் மாதிரியைத் தூக்கி எறியக் கூடாது.

5,386 எழுத்து நீளத்தில் ஒரு காண்டிக் (அசெம்ப்ளியில் இணைந்த தொடர் துண்டு) தனியாக வந்தால், புதிய ஃபேஜ் (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்) என்று மகிழ வேண்டாம். இல்லுமினா கருவியின் ஓட்டத்தில் கட்டுப்பாட்டுக்காகச் சேர்க்கும் ஃபைஎக்ஸ்174 அது.

அசெம்ப்ளியில் இல்லாததைப் படிப்பது

இ.கோலையில் ஆர்.ஆர்.என்.ஏ ஓபரான் (ஒன்றாக இயங்கும் மரபணுத் தொகுப்பு) 7 இடங்களில் இருக்கிறது. ஒவ்வொன்றும் சுமார் 5,000 எழுத்து. 150 எழுத்து ரீட்களால் அதைத் தாண்ட முடியாது. அதனால் 100 காண்டிக் வந்தால் அது தோல்வி இல்லை. ஏழும் மடங்கி ஒரே காண்டிக் ஆகி, ஏழு மடங்கு கவரேஜோடு நிற்கும். அதிகக் கவரேஜைப் பார்த்து அதைப் பிளாஸ்மிட் (குரோமோசோமுக்கு வெளியே உள்ள தனி டி.என்.ஏ வட்டம்) என்று எழுதிவிடுவார்கள். இங்கே இன்னொரு பொறியும் உண்டு: ஸ்பேட்ஸ் காண்டிக் பெயரில் ‘கவ்’ என்று போடும் எண் கே-மர் (கே எழுத்து நீளச் சிறு துண்டு) கவரேஜ். அது ரீட் கவரேஜைவிடக் குறைவாக இருக்கும். காண்டிக்குகளை ஒன்றோடொன்று ஒப்பிட மட்டும் பயன்படுத்தலாம்.

சிறு ரீட்களை வைத்து, “இந்த மருந்து எதிர்ப்பு மரபணு இந்தப் பிளாஸ்மிடில் இருக்கிறது” என்று அறுதியிட்டுச் சொல்வதே நான் மிகவும் கவலைப்படும் தவறு. எதிர்ப்பு மரபணுக்களின் இருபுறமும் ஐ.எஸ்26 போன்ற நகரும் துணுக்குகள் இருப்பது வழக்கம். அது 820 எழுத்து நீளம். ஒரே செல்லில் பல பிரதிகள் இருக்கும். காண்டிக் அங்கேயே அறுந்துவிடும், மரபணு எந்த வட்டத்தைச் சேர்ந்தது என்பது தெரியாமலே போகும். ஆயிரக்கணக்கான எழுத்துகளை ஒரே மூச்சில் படிக்கும் நீள ரீட் வேண்டும். ஆனால் சிறு ரீட்களைக் கைவிடாதீர்கள். லைகேஷன் முறையில் (டி.என்.ஏ முனைகளில் அடாப்டர் என்ற இணைப்புத் துண்டை ஒட்டும் முறை) உடையாத சின்ன வட்டப் பிளாஸ்மிடுக்கு அடாப்டர் ஒட்ட முனையே கிடையாது; அது நீள ரீட்களில் காணாமல் போகும், சிறு ரீட்களில் இருக்கும்.

நீள ரீட் தரும் நானோபோர் கருவியின் ரீட்களில் ஒரே எழுத்து தொடர்ந்து வரும் இடங்களில் ஓர் எழுத்து விடுபடும் அல்லது கூடும். அதனால் ஒரு மரபணு இரண்டாக உடையும். பாக்டீரியாவில் தோராயமாக 1,000 எழுத்துக்கு ஒரு மரபணு. 50 லட்சம் எழுத்துக்கு, மரபணுக்களை அடையாளம் காட்டும் ப்ரோக்கா 6,500 மரபணுக்கள் காட்டினால் உயிரியலைத் தேடுமுன் இந்தப் பிழையைத் தேடுங்கள்.

எதிர்ப்பு மரபணு: இருப்பதும் வேலை செய்வதும்

கிளெப்சியெல்லா நிமோனியேவில் எஸ்.எச்.வி வகை மரபணு (பெனிசிலின் போன்ற மருந்துகளைச் சிதைக்கும் நொதிக்கானது) கிட்டத்தட்ட எப்போதும் இருக்கும். எஸ்.எச்.வி-1 இஎஸ்பிஎல் (இன்னும் பல மருந்துகளையும் சிதைக்கும்) வகை அல்ல. சில அமினோ அமிலங்கள் மட்டுமே வேறுபடும் எஸ்.எச்.வி-12 அந்த வகை. 90 சதவீத ஒற்றுமையை வரம்பாக வைத்துவிட்டு அட்டவணையில் ‘எஸ்.எச்.வி உண்டு’ என்று எழுதினால் அது எதையும் சொல்லாது. 100 சதவீதம் பொருந்தும் அல்லீல் (மரபணுவின் வடிவம்) எது என்று பாருங்கள். மறுபக்கம், சூடோமோனாஸில் ஓ.பி.ஆர்.டி சவ்வுத்துளைப் புரதம் சிதைந்தால், புதிதாக எந்த மரபணுவும் வராமலே இமிபெனெம் மருந்து வேலை செய்யாது. மரபணு தேடும் கருவி மட்டும் போதாது.

காசநோய்க் கிருமியின் ஆர்.பி.ஓ.பி மரபணுவில் ரிஃபாம்பிசின் எதிர்ப்புக்குப் பெயர்போன மாற்றம் பழைய கட்டுரைகளில் 531-ஆம் அமினோ அமில இடம் என்று இருக்கும். அது இ.கோலை எண்ணிக்கை. கிருமியின் சொந்த எண்ணிக்கையில் அதே இடம் 450. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட பட்டியல் இரண்டாவதைப் பின்பற்றுகிறது. இரண்டு அட்டவணைகளை அப்படியே இணைத்தால் ஒரே மாற்றம் இரண்டாகக் கணக்கில் ஏறும்.

ரெஃபரன்ஸும் மரமும்

ரெஃபரன்ஸில் இல்லாத மரபணு பொருத்தலில் தெரியவே தெரியாது. காசநோய் ஆய்வில் எல்லோரும் ரெஃபரன்ஸாக எடுக்கும் எச்37ஆர்வி, 4-ஆம் வம்சத்தைச் சேர்ந்தது. தமிழ்நாட்டில் 1-ஆம் வம்சம் பரவலாக இருக்கிறது. அதில் டி.பி.டி1 என்ற பகுதி உண்டு. எச்37ஆர்வியில் அது அழிந்துவிட்டது. அந்த ரீட்கள் பொருந்தாமல் ஒதுங்கிவிடும். பொருந்தாத ரீட்களைத் தனியே எடுத்து அசெம்பிள் செய்து பார்த்தால்தான் புலப்படும். காசநோய்க் கிருமியின் பி.இ, பி.பி.இ குடும்ப மரபணுக்களோ ஒன்றையொன்று ஒத்திருப்பதால் பொய் எஸ்.என்.பி-களைக் கொட்டும், அவற்றைக் கணக்கிலிருந்து மறைத்துவிட்டே எண்ணுகிறார்கள். இரண்டு நோயாளிகளின் மாதிரிகளுக்கிடையே 5 எஸ்.என்.பி-க்குள் என்றால் அண்மைத் தொற்று, 12-க்கு மேல் என்றால் இல்லை என்ற வரம்பு காசநோய்க்கு 2013-இல் வகுத்தது. அதை கிளெப்சியெல்லாவுக்கு எடுத்துப்போடக் கூடாது. மறைப்பு மாறினால் காசநோய்க்கே அந்த எண் மாறும்.

காசநோய்க் கிருமி மற்ற பாக்டீரியாவிடமிருந்து மரபணுவை வாங்குவது அரிது. நிமோகாக்கஸ் தாராளமாக வாங்கும். 2011-இல் வெளியான ஆய்வில், ஒரே பரம்பரையைச் சேர்ந்த 240 மாதிரிகளில் 700-க்கும் மேற்பட்ட மறுசேர்க்கைகள் (வெளி டி.என்.ஏ வந்து சேர்ந்த நிகழ்வுகள்) கண்டறியப்பட்டன. இவற்றை நீக்காத மரத்தில் ஒரே ஒரு இறக்குமதி நூற்றுக்கணக்கான சடுதிமாற்றம்போல் கிளையை நீட்டிவிடும். கப்பின்ஸ் இதற்கான கருவி. அதற்கு முழு மரபணுத்தொகை அலைன்மென்ட் (வரிசைகளை இடத்துக்கு இடம் அடுக்கியது) தேவை, எஸ்.என்.பி இடங்களை மட்டும் வெட்டிக் கொடுத்தால், எங்கே நெருக்கமாகக் குவிந்திருக்கின்றன என்பதை அதனால் அளக்க முடியாது. தூரத்துத் திரிபுகளையும் ஒன்றாகப் போடாதீர்கள். பிறகு எஸ்.என்.பி மட்டும் உள்ள அலைன்மென்டை ஐ.க்யூ-ட்ரீக்குத் தரும்போது ஏ.எஸ்.சி திருத்தத்தை (மாறாத இடங்கள் விடுபட்டதற்கான திருத்தம்) சேர்க்க வேண்டும், அல்லது மாறாத இடங்களின் எண்ணிக்கையைத் தர வேண்டும். இல்லையென்றால் கிளை நீளங்கள் ஊதிப்போகும்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம்: மரபணுத்தொகையின் இடங்களைக் குறிக்கும் கோப்பு வகைகளில் பெட் கோப்பு 0-இலிருந்து எண்ணும், ஜி.எஃப்.எஃப், வி.சி.எஃப் இரண்டும் 1-இலிருந்து. 1-இலிருந்து எண்ணிய இடங்களை வைத்து மறைப்புக் கோப்பைப் பெட் வடிவில் கையால் தயாரிப்பவர்கள் ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலிருந்தும் ஒன்றைக் கழித்துக்கொள்ள வேண்டும். முடிவை அப்படியே விடலாம்.