புது லேப்டாப்பா, செகண்ட் ஹேண்டா? வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

காலேஜ் திறக்கும் நேரம் வந்தால் சொந்தக்காரர்களிடமிருந்து போன் வரும்: "புதுசு வாங்கலாமா, செகண்ட் ஹேண்ட் போதுமா?" நான் முதலில் திருப்பிக் கேட்பது, "இப்ப வீட்ல இருக்கிறதுக்கு என்ன ஆச்சு?"

படி 1: இருப்பதைச் சோதியுங்கள்

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்க் என்ற இடத்தில் எச்டிடி (பழைய வகை சுழலும் ஹார்ட் டிஸ்க்) என்று இருந்தால், மெதுவாக ஓடுவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (வேகமான புது வகை டிஸ்க்) போட்டு, ராமை (வேலை செய்யும்போது பயன்படும் மெமரி) 8 ஜிபி ஆக்கினால் பல மெஷின்கள் இன்னும் சில வருடம் உழைக்கும். எல்லா பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டே போயிருந்தால் செலவு செய்யாதீர்கள்.

படி 2: பிராசஸர் எண்ணைப் படியுங்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு, மெஷினின் மூளையான பிராசஸர் இன்டெல் கம்பெனியுடையது என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும். ஐ5-8250யு என்பதில் கோட்டுக்கு அடுத்த 8தான் தலைமுறை. ஐ5-7200யு ஏழாவது. ஐ5-1235யு போல 1-ல் தொடங்கினால் முதல் இரண்டு இலக்கங்களையும் சேர்த்துப் படியுங்கள், அது பன்னிரண்டாவது. "ஐ5 சார், சூப்பர் மெஷின்" என்று மட்டும் கடையில் சொன்னால் முழு எண்ணையும் கேளுங்கள். ஏழுக்கும் எட்டுக்கும் விலை வித்தியாசம் குறைவாகத் தெரியும், ஆனால் ஏழாம் தலைமுறையை வாங்கினால் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச சிஸ்டத்தைப் பழக வேண்டியிருக்கும்.

படி 3: எது யாருக்கு

வீடியோ எடிட்டிங், கேம், அல்லது பக்கத்தில் நம்பகமான சர்வீஸ் ஆள் இல்லாத ஊர் என்றால் வாரண்டியோடு புதுசு வாங்குங்கள். டைப்பிங், கோடிங், ஆன்லைன் வகுப்பு என்றால் ஆபீஸ்களில் இருந்து கழித்து வரும் லெனோவோ திங்க்பேட், டெல் லாட்டிடியூட், எச்பி எலைட்புக் ரகங்களே என் தேர்வு. குறைந்த விலைக்குக் கிடைக்கும், செலரான் என்ற திறன் குறைந்த இன்டெல் பிராசஸரும் 4 ஜிபி ராமும் உள்ள புது மெஷின்களை நான் யாருக்கும் சொல்வதில்லை. பலவற்றில் ராமைக் கூட்டவே முடியாது, படிப்பு முடியும் முன்பே திணற ஆரம்பித்துவிடும்.

படி 4: கடையில் அரை மணி நேரம்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் ஆனாலும், உங்கள் ஊர்க் கடை ஆனாலும் அவசரப்படாதீர்கள்.

பேட்டரியில் தொடங்குங்கள். கமாண்ட் பிராம்ப்ட்டை (கட்டளை அடிக்கும் ஜன்னல்) திறந்து பவர்சிஎஃப்ஜி என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, பேட்டரிரிப்போர்ட் என்று சேர்த்து எழுதி (powercfg /batteryreport) என்டர் தட்டுங்கள். ரிப்போர்ட் எந்த ஃபோல்டரில் சேமிக்கப்பட்டது என்று அங்கேயே காட்டும். அதைத் திறந்தால் டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது 50,000, இரண்டாவது 31,000 என்றால் பேட்டரியில் 62 சதவீதம்தான் மிச்சம். புது பேட்டரியின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

அடுத்து, மெஷினை ஆஃப் செய்து ஆன் செய்யும்போது, விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் பயாஸ் என்ற அடிப்படை செட்டிங்ஸுக்குள் போய்ப் பாருங்கள். அதற்கு அழுத்த வேண்டிய கீ, திங்க்பேட் என்றால் எஃப்1, டெல் எஃப்2, எச்பி எஃப்10. பாஸ்வேர்ட் கேட்டால் வாங்காதீர்கள். நான் ஒருமுறை இதைப் பார்க்காமல் வாங்கி வந்துவிட்டேன். வீட்டில் விண்டோஸை மறுபடி போடலாம் என்று பென் டிரைவைச் செருகினால், முன்பு வைத்திருந்த கம்பெனி போட்ட பாஸ்வேர்ட் குறுக்கே நின்றது. கடைக்காரருக்கும் அது தெரியவில்லை. மெஷினைத் திருப்பிக் கொடுக்க மூன்று தடவை அலைந்தேன்.

நோட்பேடைத் திறந்து எல்லா கீயையும் ஒருமுறை தட்டுங்கள். மூடியை மெதுவாகத் திறந்து மூடி, கீல் பக்கம் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். சார்ஜர் பின்னை லேசாக அசைத்து, சார்ஜ் விட்டு விட்டு ஏறுகிறதா என்றும் கவனியுங்கள்.

எல்லாம் சரி என்றால் மெஷினின் அடியில் இருக்கும் சீரியல் எண்ணும் பயாஸில் காட்டும் எண்ணும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டு, அதே எண்ணை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். திருட்டு மெஷின் கைமாறுவதும் உண்டு. பில் தர மறுக்கும் கடையில் பணத்தை எடுக்காதீர்கள்.