ஆட்குறைப்புக் கடிதம் வந்த கையோடு

2025 ஏப்ரலில் அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு அமைப்பான சிடிசியில் வந்ததுபோல் ஆட்குறைப்புக் கடிதம் வந்தால், முதல் வேலை ஆவணங்களை இறக்குவது. கணினி அனுமதியை முடக்கிவிட்டால் பணிக்கோப்பைத் திறக்க முடியாது. நியமனம், பதவி மாற்றம் போன்றவற்றைப் பதிவு செய்யும் எஸ்எஃப்-50 படிவங்கள், கடைசி மூன்று ஆண்டு மதிப்பீடுகள், சம்பளச் சீட்டுகள் எல்லாம் வீட்டில் இருக்கட்டும்.

கடிதத்திலுள்ள பணிக்காலக் கணக்கையும் பணி மதிப்பெண்ணையும் இந்த ஆவணங்களோடு ஒப்பிடுங்கள். யாரை வைத்துக்கொள்வது என்ற வரிசையே அதில்தான் அமைகிறது. பிழை இருந்தால் மேல்முறையீட்டுக்கு அதுவே பிடி. அரசு ஊழியர்களின் மேல்முறையீட்டை விசாரிக்கும் தகுதிப் பாதுகாப்பு வாரியத்துக்குப் போக, பணி முடியும் தேதியிலிருந்து 30 நாள்தான் கெடு. சங்க ஒப்பந்தம் இருந்தால் வழி மாறக்கூடும், முதலில் சங்கத்தைக் கேளுங்கள்.

மருத்துவக் காப்பீடு 31 நாள் கட்டணமின்றி நீளும். வேலையிழப்பு உதவித்தொகைக்கு, கடைசியாகப் பணியாற்றிய மாநிலத்தில் விண்ணப்பியுங்கள்.

உதவி கேட்டு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினரிடம் போகிறவர்கள் தனியுரிமை ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுங்கள். அது இல்லாமல் உறுப்பினரின் அலுவலகம் உங்கள் விஷயத்தைத் துறையிடம் விசாரிக்காது.