விளவங்கோட்டுப் புரையிடத்தில் ஒரு சிறு குளம்

குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், கேரள எல்லைக்கு அருகிலுள்ள விளவங்கோடு, கல்குளம் வட்டாரங்களில், வீட்டைச் சுற்றியுள்ள புரையிடத்தில் சிறு குளம் ஒன்று அமைக்க விரும்புவோர் முதலில் கேட்பது கோடையில் தண்ணீர் நிற்குமா என்பதைத்தான். கோடை அவ்வளவு பெரிய தொல்லை அல்ல. இடவப்பாதியில் (வைகாசி நடுவில்) ஒன்றும் துலா (ஐப்பசி) மாதத்தில் ஒன்றுமாக ஆண்டுக்கு இரண்டு மழைக்காலங்களைப் பெறும் இந்த மண்ணில், வீட்டுக் குளத்தைப் பெரும்பாலும் கெடுப்பது வெளியிலிருந்து பாய்ந்துவரும் மழைநீரும் அது கொண்டுவரும் மண்ணும் இலையுமே ஆகும். ஆகவே இடம் தேர்ந்தெடுக்கும்போதே அடைமழை நாளில் அந்த இடம் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

புரையிடத்தின் மிகத் தாழ்ந்த மூலையில் தண்ணீர் தானே வந்து சேருமே என்று தோன்றும். நானும் அப்படி எண்ணித்தான், ஏலாவை (வயல்வெளியை) ஒட்டிய தாழ்வான பகுதியில் முதல் குளத்தை வெட்டினேன். மழை தொடங்கிப் பத்து நாளில் நிலத்தடி நீர் மேலேறி, அடியில் விரித்திருந்த தார்ப்பாயை ஊதிய பூரிபோல நடுக்குளத்தில் தூக்கி நிறுத்திவிட்டது. பிறகு எட்டடி உயரமான மேட்டில் வேறு குழி வெட்ட வேண்டியதாயிற்று. மேட்டுநிலம், கழிவுநீர்த் தொட்டியிலிருந்து விலகிய இடம், நாளொன்றுக்கு ஐந்து அல்லது ஆறு மணி நேரம் வெயில் விழும் இடம் ஆகிய மூன்றும் பொருந்தினால் போதும். பலா, அயினி, ரப்பர் மரங்களின் நிழலுக்கு நேர் கீழே வேண்டாம். இலையும் வேரும் இரண்டுமே தொல்லை தரும்.

பத்தடி நீளம், ஆறடி அகலம், இரண்டடி ஆழம் என்பது ஒரு வீட்டுக்குத் தாராளமான அளவாகும். பக்கங்கள் செங்குத்தாக இருந்தால் சுமார் 3,400 லிட்டர் கொள்ளும். ஓரத்தில் செடிச்சட்டி வைக்க ஓரடி அகலத்தில் ஒரு படி விட்டு வெட்டினால் அதில் சற்றுக் குறையும். இரண்டடிக்குக் குறைந்த ஆழத்தில், பங்குனி, சித்திரை வெயிலில் தண்ணீர் மிகவும் சூடேறி மீன் வாடும். குழியின் விளிம்பு நான்கு புறமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். கொத்தனாரின் டியூப் மட்டத்தைக் கொண்டு இதைச் சரிபார்க்காமல் விட்டால், தண்ணீர் நிறைந்த அன்றே கோணல் தெரிந்துவிடும்.

நம்மூர் வெட்டுகல், அதாவது செம்பாறைக் கல், பார்வைக்குக் கெட்டியாக இருந்தாலும் துளைகள் நிறைந்தது. வெறும் குழியில் தண்ணீர் தங்காது. எனவே தடித்த பல அடுக்குத் தார்ப்பாயோ சிமென்ட் பூச்சோ தேவைப்படும். தார்ப்பாய் என்றால் அளவுக் கணக்கு எளிது: நீளத்தோடு ஆழத்தின் இருமடங்கையும், விளிம்பில் மடிக்க இரு பக்கமும் ஓரடி வீதம் இரண்டடியையும் கூட்ட வேண்டும். மேற்சொன்ன குளத்துக்கு 16 அடிக்கு 12 அடி வேண்டும். விரிப்பதற்குமுன் குழியில் துருத்தும் கல்முனைகளையும் வேர்களையும் வெட்டிவிட்டு, இரண்டு அங்குல மணலும் அதன்மேல் பழைய சாக்கும் பரப்ப வேண்டும். பாயை வெயிலில் சிறிது நேரம் காயவைத்தால் இளகிப் படியும். குழாயை மெதுவாகத் திறந்து, தண்ணீர் ஏறும்போதே சுருக்கங்களை இழுத்துவிட்டு, முழுதும் நிறைந்தபிறகே மிச்சத்தை வெட்ட வேண்டும். சுற்றிலும் வெட்டுகல்லை மூன்று நான்கு அங்குலம் உயர்த்தி அடுக்கினால் முற்றத்து மழைநீரும், பக்கத்துத் தோட்டத்தில் தெளித்த பூச்சிமருந்தும் உள்ளே ஓடிவராது. இரண்டு அங்குலக் குழாய் ஒன்றை விளிம்புக்குச் சற்றுக் கீழே, வாயில் வலை கட்டிப் பதித்து, மிகுதி நீர் பக்கத்து வீட்டு எல்லைக்குப் போகாதபடி தென்னை மூட்டுக்குத் திருப்பிவிட வேண்டும். சிமென்ட் பூசுவோர் நன்றாக நனைத்து ஆற்றியபிறகு, நறுக்கிய வாழைத்தண்டைத் தண்ணீரில் போட்டு ஒன்றிரண்டு வாரம் ஊறவைத்து, அந்நீரை இறைத்து ஊற்றிவிட்டுப் புதுநீர் நிரப்புவது வழக்கம்; சுண்ணாம்புக் காரம் இறங்காமல் மீன் விட்டால் பிழைக்காது.

வெட்டுகல் நிலத்துக் கிணற்றுநீர் பலவிடங்களில் சற்றுப் புளிப்புத் தன்மை கொண்டது. வளர்ப்பு மீன் கடையில் கிடைக்கும் சோதனைத் தாளில் அமில-கார அளவு (pH) 6.5-க்குக் கீழே காட்டினால், கிளிஞ்சல் ஓடுகளை ஒரு வலைப்பையில் கட்டி மூழ்கவைத்தால் மெல்ல மெல்லச் சரியாகும். குளோரின் கலந்த குழாய்நீராக இருந்தால் திறந்த தொட்டியில் இரண்டு நாள் வைத்தபிறகே சேர்க்க வேண்டும்.

செடிகளில் வெள்ளாம்பலும் செவ்வல்லியும் நமக்கு உகந்தவை. எரு கலக்காத வயல் களிமண்ணை அகன்ற சட்டியில் நிரப்பி, நட்டபிறகு மேலே சரளையைப் பரப்பினால் மண் கலங்காது. நீர்ப்பரப்பில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை இலை மூடினால் பாசி அடங்கிவிடும். பச்சைநீருக்கு மருந்து தேடுவதைவிட இது மேல். நீரூற்று வைப்பவர்கள் அல்லியிலிருந்து விலக்கி வைக்க வேண்டும், ஏனெனில் இலையில் ஓயாமல் நீர் தெறிப்பது அதற்கு ஆகாது. ஆகாயத்தாமரையையும், கேரளத்தார் ஆப்பிரிக்கன் பாயல் என்று அழைக்கும் மிதவைச் செடியையும் இலவசமாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது. பின்னது உண்மையில் பிரேசில் நாட்டுச் செடி. 2020-இல் கோழிக்கோடு அருகே ஆவளப்பாண்டியில் ஊதாப்பூ பூத்துக் கூட்டம் கூட்டிய முள்ளன் பாயலும் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததே. பார்க்க அழகு, வாய்க்காலில் புகுந்தால் அகற்ற முடியாது.

செடிகள் வேர் பிடித்து மூன்று நான்கு வாரம் ஆனபிறகே மீன் விட வேண்டும். மீனின் கழிவிலுள்ள அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் பெருக அவ்வளவு காலம் ஆகும். அதுவரை கொசுப்புழு வருமே என்பது நியாயமான கேள்வி. முட்டையிலிருந்து கொசுவாக நம் வெப்பத்தில் ஏழு முதல் பத்து நாளே போதும் என்பதால், முதல் வாரத்திலேயே நான்கைந்து சிறு மீன்களை மட்டும் விடலாம். தலையில் வெள்ளிப்பொட்டுடன் நீர்மட்டத்தில் திரியும் மானத்துக்கண்ணி நம் வாய்க்கால்களில் கிடைக்கும் நாட்டு மீன், புழு தின்பதில் வல்லது. கப்பி மீனும் உதவும், ஆனால் மிஞ்சியவற்றை ஊர்க்குளத்தில் கொண்டுபோய் விடுவது தவறு. நம் நாட்டில் வளர்க்கத் தடையுள்ள ஆப்பிரிக்கக் கெளுத்தியை நினைக்கவே வேண்டாம். ஐந்து நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்குமேல் தீனி போட்டால், மிச்சம் அழுகி நீரைக் கெடுக்கும்.

மோட்டார் வைத்தால் அந்த இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியர் மின்கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற காப்புச் சுவிட்ச் கட்டாயம். தவழும் குழந்தை உள்ள வீட்டில், நீருக்குச் சற்றுக் கீழே உறுதியான கம்பி வலை பொருத்தும்வரை குளத்தை நிரப்பவே கூடாது. தவளையைத் தேடித் தண்ணீர்ப்பாம்பு வரக்கூடும்; அதற்கு நஞ்சில்லை, அடிக்க வேண்டியதில்லை.

நீர் குறைந்துகொண்டே போனால் கசிவா ஆவியாதலா என்று அறிய, ஒரு வாளியில் குளத்துநீரை நிரப்பிப் படியில் வைத்து, இரண்டிலும் அன்றைய மட்டத்தைக் குறித்து, மறுநாள் ஒப்பிட வேண்டும். இரண்டும் சமமாக இறங்கினால் வெயில்தான் காரணம். அரை சென்டிமீட்டர் குறைந்தால்கூட இந்த அளவுக் குளத்தில் 28 லிட்டர் ஆகும், அதைக் கண்டு பதற வேண்டாம். மார்கழி முதல் மாசி வரை ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும்போது மேலே ஒரு வலையைக் கட்டிவைத்தால் அடிச்சேறு பாதியாகக் குறையும். சித்திரைக் கடைசியில் அடிச்சேற்றில் பாதியை மட்டும் வாளியால் அள்ளித் தென்னைக்கு இட்டு, நீரில் மூன்றில் இரண்டு பங்கை அப்படியே விட்டுவிட வேண்டும். அன்றைக்கே மிகுதிநீர்க் குழாயின் வலையையும் கழற்றிக் கழுவிக் கட்ட வேண்டும், அது அடைத்துக்கொண்டால் இடவத்து முதல் மழையிலேயே மீன்கள் முற்றத்தில் கிடக்கும்.