நாலு இடம் தெரிந்தால் போதும்: பதற்றத்தை விரலால் தணிப்பது எப்படி

உடம்பின் சில புள்ளிகளை விரலால் அழுத்துகிற முறைதான் அக்குபிரஷர். அந்தப் பெயரில் தேடிப் பார்த்தால் தலை முதல் உள்ளங்கால் வரை புள்ளி வைத்த படங்கள்தான் வரும். சீன முறையில் மட்டும் 361 புள்ளிகள். சித்த மருத்துவத்தின் வர்மக் கணக்கில் 108, அதில் பலமாக அடிபட்டால் உயிருக்கே ஆபத்து என்கிற படுவர்மம் 12, மற்றவை தொடுவர்மம் 96. வைத்தியம் செய்கிறவருக்கு இவ்வளவும் தேவை. காலையில் தெகிவளையில் 100ஆம் இலக்க பஸ் பிடித்து, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி என்று காலி வீதி முழுக்க நின்று நின்று கோட்டைக்கு வந்து, ஒபிஸ் கதிரையில் இருக்கும்போதே நெஞ்சு படபடக்கிறவருக்கு நாலு இடம் போதும். ஆனால் அந்த நாலையும் விரல் தானாகத் தேடிப் போகிற அளவுக்குப் பழகிக்கொள்ள வேண்டும்.

முதலில் அழுத்துகிற விதம். நகம் வெட்டியிருக்க வேண்டும். நுனியால் குத்தக் கூடாது, பெருவிரலின் சதைப்பிடிப்பான பக்கத்தை வைத்து மெல்ல மெல்லப் பாரத்தைக் கூட்டுங்கள். ஒரு கட்டத்தில் உள்ளே மந்தமாக ஒரு உளைவு வரும், வலிக்கிற மாதிரியும் இருக்கும், சுகமாகவும் இருக்கும். அதுதான் இடம், அதுதான் அளவு. சுரீர் என்று குத்தினாலோ, விரல்களுக்குள் கரண்ட் ஓடினது போல இருந்தாலோ நரம்பின் மேல் அழுத்துகிறீர்கள், உடனே விரலை எடுத்துக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பிறகு மூச்சு. மனதுக்குள் நாலு எண்ணி உள்ளே இழுத்து ஆறு எண்ணி வெளியே விடுங்கள், விடும்போது அழுத்தம், இழுக்கும்போது தளர்வு. ஒரு இடத்துக்கு ஒரு நிமிடம், கூடிப்போனால் இரண்டு. பல பேர் மூச்சை அடக்கிக்கொண்டு பலம் போட்டு அழுத்துகிறார்கள், அப்படிச் செய்யவே வேண்டாம், ஏனென்றால் மூச்சு நீளமாக வெளியே போகும்போதுதான் இதயத் துடிப்பும் இறங்கும்.

சரி, மணிக்கட்டு. ஒரே ஒரு இடம்தான் சொல்லித்தரலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். இடது உள்ளங்கையை மேலே பார்க்கத் திருப்பி, வலது கையின் மூன்று விரல்களைச் சேர்த்துக் குறுக்காக வையுங்கள், மோதிர விரல் மணிக்கட்டு மடிப்பில் பொருந்த வேண்டும். சுட்டுவிரல் எங்கே நிற்கிறதோ அங்கே, கையை லேசாகப் பொத்தி மணிக்கட்டை உள்ளே வளைத்தால் இரண்டு தசைநாண்கள் எழும்பும். அவற்றுக்கு நடுவே உள்ள பள்ளம்தான் இடம், சீனத்தில் நெய்குவான் என்பார்கள். சிலருக்கு ஒரு நாண்தான் எழும்பும், அது பிறவி அமைப்பு, பயப்படத் தேவையில்லை, முன்கையின் நடுக்கோட்டில் வைத்து அழுத்தினால் சரி. பஸ்ஸில் சீற் கிடைத்தால் பையை மடியில் வைத்து அதற்குக் கீழே செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு வரும் ஓங்காளத்துக்கு இந்தப் புள்ளியை நிறையவே ஆராய்ந்திருக்கிறார்கள், பயண வாந்திக்கென்று விற்கிற மணிக்கட்டுப் பட்டிகள் அழுத்துவதும் இதையேதான். அதனால் நுவரெலியா வளைவுகளில் தலை சுற்றுகிறவர்களும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பியூட்டருக்கு முன்னால் இருக்கிறவர்களுக்குப் பதற்றம் போய்க் குடியிருக்கிற இடம் தோள். தலையைக் குனிந்தால் பிடரியின் அடியில் ஒரு எலும்பு துருத்தும், அதற்கும் தோள்முனைக்கும் சரி நடுவில், தோளின் உச்சியில், கட்டியாக ஒரு தசை இருக்கும். வலது கையால் இடது தோளை, இடது கையால் வலது தோளை. கையைத் தோளில் தொங்கப் போட்டு நடுவிரலால் இழுத்துப் பிடித்தால் போதும், கையின் பாரமே வேலையைச் செய்துவிடும். அழுத்திக்கொண்டே தலையை மெல்ல மற்றப் பக்கம் சாயுங்கள். இரவில் சித்தாலேப களிம்பு கொஞ்சம் பூசிக்கொண்டு செய்தால் இன்னும் இதமாக இருக்கும், ஆனால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கண் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

மூன்றாவது எல்லாருக்கும் தெரிந்தது. பெருவிரலையும் சுட்டுவிரலையும் ஒட்டினால் புறங்கையில் சதை மேடாக எழும்பும், அந்த மேட்டின் உச்சி. விரல்களைத் தளர்த்திவிட்டு அந்தச் சதையை இரண்டு பக்கமும் பிடித்து அழுத்துங்கள். பதற்றத்தோடு தலையிடியும் சேர்ந்து வந்தால் இது நல்லது.

நாலாவது புருவ மத்தி, பொட்டு வைக்கிற இடம். வர்மத்தில் இதைத் திலர்தம் என்பார்கள், படுவர்மத்தில் சேர்த்து எண்ணுவார்கள், அதனால் இங்கே பலம் கூடவே கூடாது. கண்ணை மூடி, நடுவிரலை வைத்து, தோல் மட்டும் அசைகிற அளவுக்குச் சின்னச் சின்ன வட்டமாகத் தடவுங்கள். படுக்கையில் போனைத் தள்ளி வைத்துவிட்டுச் செய்ய ஏற்றது இதுதான்.

இதனால் வேலைப் பாரமோ பிள்ளையின் பரீட்சையோ வீட்டு வாடகையோ குறையாது. கிடைப்பது கொஞ்ச நேர அமைதி, அடுத்த வேலையைத் தெளிவாகச் செய்ய அது உதவும். பதற்றத்துக்கு இது உதவுமா என்று பார்த்த ஆய்வுகளும் பெரும்பாலும் சிறியவைதான், ஆகவே குளிசை எடுக்கிறவர்கள் இதை நம்பி அதை நிறுத்த வேண்டாம்.

கர்ப்பிணிகள் தோளையும் பெருவிரல் மேட்டையும் தொடாமல் விடுங்கள், கருப்பையைச் சுருங்கச் செய்யும் என்று மரபாகவே தவிர்க்கிற இடங்கள் அவை. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுக்கிறவர்கள் தடவுவதோடு நிறுத்துங்கள், தோல் கன்றிப்போகும். காயம், வீக்கம் உள்ள இடத்திலும் வேண்டாம். நெஞ்சு இறுகி, வலி கைக்கோ தாடைக்கோ ஓடி, வியர்த்துக் கொட்டினால் புள்ளி தேடிக்கொண்டிருக்காமல் 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். நித்திரையே இல்லாமல், எதிலும் மனம் ஒட்டாமல் வாரக்கணக்கில் இழுத்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இருக்கிறது, எடுத்துப் பேசுங்கள்.