நுகர்வோர் புகாரை இணையவழியில் தாக்கல் செய்யும் முறை

உசிலம்பட்டியில் வசிக்கும் ஒருவர், பெங்களூரில் உள்ள ஒரு நிறுவனத்திடம் இணையவழியில் 32,000 ரூபாய்க்குக் குளிர்சாதனப் பெட்டி வாங்குகிறார். மூன்றே மாதத்தில் அது பழுதாகி, நிறுவனமும் கைவிரித்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி அவர் பெங்களூருக்கு அலைய வேண்டியதில்லை. தாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்தில், அதாவது மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில், வழக்கறிஞர் இன்றித் தாமே புகார் அளிக்கலாம். 2025 ஜனவரி 1 முதல் செயல்படும் இ-ஜாக்ரிதி என்ற அரசு இணையதளம் அதற்கு வழி செய்கிறது.

முதலில் காலக்கெடுவையும் வரம்பையும் பாருங்கள். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தாக்கலாக வேண்டும். நீங்கள் கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்ல, பொருளுக்கோ சேவைக்கோ செலுத்திய தொகையை வைத்தே எந்த ஆணையம் என்பது முடிவாகும். அத்தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையம். அதே தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகார் அளிக்கக் கட்டணம் இல்லை.

அடுத்தது தாள்களை அடுக்குவது. தளத்தைத் திறப்பதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ரசீது, உத்தரவாத அட்டை, பணம் செலுத்தியதற்கான சான்று, நிறுவனத்துக்கு அனுப்பிய மின்னஞ்சல்கள், அவர்கள் அளித்த பதில்கள் ஆகியவற்றைத் தேதி வரிசைப்படி வைத்து, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுங்கள். பின்னர் என்ன நடந்தது, எந்த நாளில் நடந்தது, அதற்கு எந்த எண்ணுள்ள ஆவணம் சான்று என்று ஒரே தாளில் தேதிவாரிப் பட்டியல் எழுதுங்கள். பட்டியலில் சான்றில்லாத இடம் எது என்பது அப்போதே கண்ணில் படும். அதைத் தேடி எடுத்த பிறகே மனுவை எழுதத் தொடங்குங்கள்.

புகார் மனுவில் இரு தரப்பினரின் பெயர், முழு முகவரி, நடந்தவை, கோரும் பரிகாரம் ஆகியவை இருக்க வேண்டும். "தக்க நீதி வழங்குக" என்று பொதுவாக எழுதாமல், பணத்தைத் திருப்பித் தருவதா, புதிய பெட்டியா, இழப்பீடு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். மனுவில் உள்ளவை உண்மை என்று உறுதிகூறும் பிரமாண வாக்குமூலத்தில் நோட்டரி முன்னிலையில் கையெழுத்திட்டு, எல்லாவற்றையும் எழுத்து தெளிவாகத் தெரியும்படி ஸ்கேன் செய்து பிடிஎஃப் கோப்புகளாக மாற்றுங்கள்.

இனி, கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் கொடுத்துத் தளத்தில் பதிவு செய்து, தமிழ்நாடு, மதுரை மாவட்ட ஆணையம் எனத் தேர்ந்தெடுத்து, விவரங்களை நிரப்பிக் கோப்புகளை ஏற்றிச் சமர்ப்பிக்கலாம்.

சமர்ப்பித்ததும் வழக்கு ஏற்கப்பட்டதாக எண்ணிவிடக் கூடாது. ஆணைய அலுவலகம் மனுவைச் சரிபார்த்துக் குறைகள் இருந்தால் தெரிவிக்கும் என்பதால், அடிக்கடி தளத்தில் நுழைந்து பார்த்து, சுட்டப்பட்ட குறையைத் தாமதமின்றித் திருத்தி அனுப்ப வேண்டும். அச்சுப் பிரதிகளைக் கேட்டால் உடனே கொடுக்க, அதே எண் வரிசையில் நகல்களைத் தயாராக வைத்திருங்கள். அசல் ரசீது உங்களிடமே இருக்கட்டும்.