கடலூர்ச் சண்டைக்கு மூவண்ணக் கொடி வேண்டாம்: மினியேச்சர் சிப்பாய்களுக்குச் சீருடை தீட்டும்போது நேரும் தவறுகள்

முத்தியால்பேட்டையிலிருந்து தம்பி ஒருவர், தான் தீட்டிய இருபத்து நான்கு மினியேச்சர்களைச் செருப்புப் பெட்டியில் பஞ்சு வைத்து என்னிடம் காட்ட எடுத்து வந்தார். 28 மில்லிமீட்டர் உருவங்கள். 1760 ஜனவரி 22 அன்று நடந்த வந்தவாசிச் சண்டையில் ஆங்கிலேயரை எதிர்த்து, பிரெஞ்சுத் தளபதி லாலியின் தலைமையில் நின்ற லொரேன் படைப்பிரிவு. கைவேலை பிரமாதம், பித்தான் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. ஆனால் கொடிக்காரன் கையில் நீலம், வெள்ளை, சிவப்பு என்று மூவண்ணக் கொடி!

அந்தக் கொடி பிரெஞ்சுப் புரட்சியோடு வந்தது. இன்று நாம் பார்க்கும் வடிவம் 1794-இல்தான் முடிவானது. லாலியை 1766-இலேயே பாரீசில் தலை வெட்டிக் கொன்றுவிட்டார்கள். மூவண்ணக் கொடியை அவர் கண்ணால் கண்டதே இல்லை. தம்பியைக் குறை சொல்ல மனம் வரவில்லை. புதுச்சேரியில் வளர்ந்தவர்கள் நாம். கடற்கரைப் பக்கம் போனால் பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தின் மேல் அந்தக் கொடிதான் பறக்கிறது. பிரெஞ்சுக்காரன் என்றதும் கை தானாக அந்த மூன்று வண்ணப் பாட்டில்களுக்குத்தான் போகும்.

பத்து வருஷமாக நம் பகுதிச் சண்டைகளையே தீட்டி வருகிறேன். நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை கைத்திறமைக் குறைவால் வந்தவை இல்லை. ஆண்டு குழம்பியதால் வந்தவை. அதனால் பிரைமர் (வண்ணம் பிடிக்க முதலில் பூசும் அடிப்பூச்சு) அடிப்பதற்கு முன்பே ஒரு துண்டுச் சீட்டில் மூன்று விஷயங்களை எழுதி மேசையில் ஒட்டிவிடுவேன்: எந்தப் படைப்பிரிவு, எந்த ஆண்டு, எந்த ஊர். இந்த மூன்றும் தெரியாமல் கோட்டின் நிறத்தை யாராலும் சரியாகச் சொல்ல முடியாது.

கொடியையே எடுத்துக்கொள்ளுங்கள். லொரேன் போன்ற பிரெஞ்சுப் பிரிவுகளின் கொடியில் நடுவே பெரிய வெள்ளைச் சிலுவை இருக்கும். நான்கு மூலைகளிலும் அந்தந்தப் பிரிவின் நிறங்கள். ஐரிஷ் பிரிவுகளின் கொடி வேறு மாதிரி. ஆங்கிலேயர் பக்கமும் இதே சிக்கல்தான். யூனியன் ஜாக் என்று இணையத்தில் தேடி அச்சடித்து ஒட்டினால், அதில் குறுக்காக ஓடும் சிவப்புக் கோடுகளும் சேர்ந்து வரும். அவை அயர்லாந்தைச் சேர்த்த பிறகு, 1801-இல் வந்தவை. 1783 கடலூர்ச் சண்டைக்கு நீலத்தின் மேல் குறுக்கு வெள்ளை மட்டும் போதும். நேர்ச் சிவப்புச் சிலுவை வழக்கம்போல.

தொப்பியும் இப்படித்தான் ஏமாற்றும். நம் ஊர்ப் போலீஸ்காரர்களின் சிவப்பு கெப்பியைப் பார்த்துப் பழகிய கண், பழைய பிரெஞ்சுச் சிப்பாய்க்கும் அதையே தேடும். கெப்பி 19ஆம் நூற்றாண்டில் அல்ஜீரியப் படையெடுப்பின்போது பிறந்தது. 1761-இல் புதுச்சேரிக் கோட்டைக்குள் முற்றுகையில் கிடந்தவர்கள் தலையில் இருந்தது கறுப்புக் கம்பளி முக்கோணத் தொப்பி.

அடுத்தது, ஆங்கிலேயன் என்றால் சிவப்பு, பிரெஞ்சுக்காரன் என்றால் வெள்ளை என்று பிரித்துவிடுவது. வந்தவாசியில் பிரெஞ்சுப் பக்கம் நின்ற லாலியின் சொந்தப் படைப்பிரிவு ஐரிஷ்காரர்களுடையது. அவர்கள் சிவப்புக் கோட்டு போட்டவர்கள். காலரும் கை மடிப்பும் பச்சை. ஆக அன்று சிவப்பும் சிவப்பும்தான் மோதின. கடலூர் இன்னும் சுவாரசியம். 1783 ஜூன் 13 அன்று ஆங்கிலேய ஜெனரல் ஸ்டூவர்ட்டின் படையில் ஹனோவரிலிருந்து வந்த இரண்டு ஜெர்மன் பிரிவுகள் இருந்தன. அவர்களுக்கும் சிவப்புக் கோட்டு. எதிரே பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் படையில் லா மார்க் என்ற பிரிவு, அதுவும் ஜெர்மன்காரர்களுடையது, நீலக் கோட்டில். வண்டிப்பாளையம் மேட்டுப் பக்கம் ஜெர்மன் பேசும் இரண்டு கூட்டம், இரண்டு நிறத்தில், எதிரெதிர் அணியில். இதை மேசையில் வைத்துப் பார்க்கும்போது கிடைக்கும் சந்தோஷத்துக்காகத்தான் இவ்வளவு பாடும்.

காற்சட்டைக்கும் ஒரு ஆண்டு இருக்கிறது. ஆங்கிலேயக் காலாட்படைக்கு வெள்ளை அல்லது வெளிர் மஞ்சள் உள்சட்டையும் காற்சட்டையும் வந்தது 1768 அரசாணைக்குப் பிறகு. அதற்கு முந்திய விதிப்படி பெரும்பாலான பிரிவுகளுக்கு அவையும் சிவப்பே. அமெரிக்கச் சுதந்திரப் போருக்கான உருவங்கள் உள்ள பெட்டியை வாங்கி வந்தவாசிக்குத் தீட்டுகிறவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

மைசூர்ப் படை என்றதும் எல்லாருக்கும் புலிக்கோடு போட ஆசை. அந்தக் கோடு திப்புவின் அடையாளம். 1781 ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டை எதிர்த்து நின்றது ஹைதர் அலியின் படை. திப்பு ஆட்சிக்கு வந்தது 1782 டிசம்பரில், ஹைதர் இறந்த பிறகு. பரங்கிப்பேட்டைக்குத் தீட்டுகிறீர்கள் என்றால் புலிக்கோட்டை விட்டுவிடுங்கள்.

ஆண்டு சரியாகிவிட்டது என்றால், அப்புறம் துணி. பாட்டிலில் இருக்கும் நிறத்தை அப்படியே பூசுகிறவர்கள் அது துணி என்பதையே மறந்துவிடுகிறார்கள். வந்தவாசிக் காலத்துப் பிரெஞ்சுக் கோட்டை வெள்ளை என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். அது சாயம் போடாத கம்பளி. சொட்டு நீலம் போட்டு அலசிய வேட்டியை நினைக்காதீர்கள். கடையில் கிழித்துக் கொடுக்கும் காடாத் துணியை நினைத்துக்கொள்ளுங்கள். நான் வெளிர் சாம்பலில் ஒரு துளி பழுப்பு கலந்து அடியில் பூசுவேன். மேலே இரண்டு முறை வெளுப்பாக்கி, சுத்த வெள்ளையைத் தோள் விளிம்பிலும் மடிப்பு முனையிலும் மட்டும் தொடுவேன். எடுத்ததுமே வெள்ளையில் ஆரம்பித்தால் மேலே ஏற்ற நிறமே இருக்காது. உருவம் சுண்ணாம்புக் கட்டி மாதிரி நிற்கும்.

சிவப்பில் இரண்டு வகை உண்டு. ஆங்கிலேயச் சாதாரணச் சிப்பாயின் கோட்டுக்குச் சாயம் நம் மஞ்சிட்டிக்கு உறவான ஒரு வேரிலிருந்து வந்தது. செங்கல் மாதிரி கொஞ்சம் மங்கின சிவப்பு. அதிகாரியின் கோட்டுக்குக் கள்ளியில் வாழும் கொச்சினீல் பூச்சியின் சாயம். விலை அதிகம், பளிச்சென்று எரியும். ஒரே பாட்டிலால் இருவரையும் தீட்டினால் அந்த வித்தியாசம் போய்விடும். சிப்பாய்க்கு அடியில் செம்பழுப்பு, மேலே மங்கின சிவப்பு. அதிகாரிக்கு அதே அடியின் மேல் பளிச்சிவப்பு, முனையில் ஆரஞ்சு. சிவப்பை ஹைலைட் செய்ய, அதாவது மேடான இடங்களை வெளுப்பாக்கிக் காட்ட, வெள்ளை கலக்கவே கலக்காதீர்கள், ரோஜா நிறமாகிவிடும். ஆரஞ்சோ தோல் நிறமோ ஒரு துளி போதும். நீலக் கோட்டுகள் அவுரிச் சாயம். ஜீன்ஸ் துணி முட்டியிலும் ஓரத்திலும் வெளுப்பது போலத்தான் அதுவும் வெளுக்கும். சின்ன உருவத்தில் எந்த நிறமும் ஒரு படி கறுத்துத் தெரியும் என்பதால் நீலத்தைக் கொஞ்சம் தூக்கியே பூசலாம்.

எங்கள் தெருவில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா தாத்தா ஒருவர் இருக்கிறார். ஒருநாள் என் சிப்பாய் ஒருவனைக் கையில் எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வெகுநேரம் பார்த்தார். சண்டை எது, கோட்டு யாருடையது என்று எதுவும் கேட்கவில்லை. "நாள் பூரா நடக்கிறவன் பெல்ட்டு இவ்ளோ வெள்ளையாவா இருக்கும், தம்பி?" என்றார். அவர் சொன்னதுதான் சரி. அந்தக் குறுக்குப் பட்டைகள் தோலின் மேல் வெள்ளைக் களிமண் குழைத்துப் பூசியவை. அணிவகுப்பில் வெள்ளை. நாலு நாள் செம்மண்ணில் நடந்தால் அடித்தோல் எட்டிப் பார்க்கும். அன்றிலிருந்து பட்டைக்கு அடியில் வெளிர்ப் பழுப்பு பூசுகிறேன். வெள்ளை அதன் மேல் விட்டுவிட்டுத்தான்.

இப்போது நான் அதிகம் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன்: நம் ஊர்ச் சிப்பாய்கள். வெள்ளைக்காரப் படைக்குப் பத்து நாள் புத்தகம் புரட்டுகிறவர்கள், சிப்பாய்களை ஒரே சாயங்காலத்தில் முடித்துவிடுகிறார்கள். இந்தச் சண்டைகளில் எண்ணிக்கையில் பெரும்பகுதி அவர்கள்தான். தொடக்கத்தில், 1740-களில், புதுச்சேரியிலும் தேவனாம்பட்டினத்து செயின்ட் டேவிட் கோட்டையிலும் திரட்டப்பட்டவர்கள் பெரும்பாலும் சொந்த உடையில்தான் நின்றார்கள். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய்க்குச் சிவப்புக் கோட்டு பரவியது 1750-களின் பிற்பகுதியில். 1757-இல் வங்காளத்தில் கிளைவ் திரட்டிய பிரிவுக்கு அந்தக் கோட்டை வைத்தே லால் பல்டன் (சிவப்புப் படை) என்று பெயர் வந்தது. கோட்டு வந்த பிறகும் இடுப்புக்குக் கீழே தொடைவரை வரும் குட்டைக் கால்சட்டைதான். காலில் செருப்பு, இல்லாவிட்டால் வெறுங்கால். நீளக் காற்சட்டையும் பூட்ஸும் போட்ட சிப்பாய் உருவங்கள் அடுத்த நூற்றாண்டுக்கானவை. அவற்றை வாங்கி இந்தக் காலத்துக்குத் தீட்டாதீர்கள்.

தொடையும் காலும் வெறுமையாக இருப்பதால் சிப்பாய் உருவத்தில் தோல் நிறமே நிறைய இடத்தைப் பிடிக்கிறது. அங்கே ஒரே சாக்லேட் பழுப்பை எல்லாருக்கும் பூசி, மேலே கறுப்பு வாஷ் (பள்ளங்களில் தங்கும்படி நீர்க்கக் கரைத்த வண்ணம்) ஊற்றி முடித்துவிடுகிறார்கள். எனக்கு வருத்தமாக இருக்கும். கடலூர் ஓல்டு டவுன் துறைமுகத்தில் காலையில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். வலை இழுக்கிறவர், ஐஸ் உடைக்கிறவர், கணக்கு எழுதுகிறவர், மூவரில் ஒருவர் நிறம் இன்னொருவருக்கு இருக்காது. நான் அடியில் செம்மை கலந்த கரும்பழுப்பு பூசுவேன். அதன்மேல் மூன்று கிண்ணத்தில் மூன்று கலவை: ஒன்றில் காவி கூடுதல், ஒன்றில் மஞ்சள், ஒன்றில் கொஞ்சம் கருநீலம். பன்னிரண்டு பேரை நான்கு நான்காகப் பிரித்துப் பூசிவிட்டு, அணியில் நிறுத்தும்போது கலைத்துவிடுவேன். மூக்குத் தண்டு, கன்ன எலும்பு, முட்டி, கைவிரல் கணு, இந்த இடங்களில் மட்டும் வெளுப்பு. கறுப்பு வாஷ் தோலைச் சாம்பல் பூத்தாற்போல் ஆக்கிவிடும். செம்பழுப்பு வாஷ்தான் உயிர் கொடுக்கும். பாதத்துக்குக் கடைசியில் புழுதி நிறத்தை உலர்ந்த பிரஷ்ஷால் தடவுங்கள்.

எதைப் பார்த்துத் தீட்டுவது என்ற கேள்வி வரும். கடற்கரையில் இருக்கும், பிரெஞ்சு ஆளுநராக இருந்த தூப்ளேயின் சிலை அவர் இறந்து பல காலம் கழித்து, 19ஆம் நூற்றாண்டில் வைக்கப்பட்டது. அதை உடைக்குச் சாட்சியாக வைத்துக்கொள்ள முடியாது. பின்னாளில் வரைந்த போர்க்காட்சிகளும் அப்படியே. அதைவிட, 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் தஞ்சாவூர் ஓவியர்கள் சிப்பாயையும் அவர் மனைவியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி வரைந்த படங்கள் எவ்வளவோ மேல். எதிரே நின்றவரைப் பார்த்து வரைந்தவை அவை. தலைப்பாகையின் மடிப்பு, செருப்பின் வார் எல்லாம் அதில் தெரியும். ஆனால் அந்தப் படம் வரைந்த ஆண்டையும் சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். 1790 படத்தை வைத்து 1760 சிப்பாயைத் தீட்டினால் பழைய தவறே மறுபடி வரும்.

நம் கடலோரத்துக்கே உரிய ஒரு தொல்லை ஈரக்காற்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஸ்ப்ரே பிரைமர் அடித்தால் மேலே பொடி பூத்துச் சொரசொரப்பாகிவிடும். வண்ணத்தைக் காக்கக் கடைசியில் பூசும் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் பனி படர்ந்தாற்போல் வெளுக்கும். இருபது நாள் வேலை ஒரு நிமிஷத்தில் போன கதை எனக்கும் உண்டு. மழைக்காலத்தில் இரண்டையும் பிரஷ்ஷால் பூசுவதுதான் பத்திரம். பிளாஸ்டிக் உருவங்களை முதலில் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள்.

கடைசியாக, காலடி. சீருடையை அவ்வளவு பார்த்துப் பார்த்துத் தீட்டிவிட்டு, அடித்தட்டில் இங்கிலாந்துப் பசும்புல்லை ஒட்டிவிடுகிறார்கள். கடலூர்ச் சண்டை ஜூன் மாதத்தில், நம் கத்திரி வெயில் ஓய்ந்தும் ஓயாத நேரத்தில் நடந்தது. கேப்பர் மலைப் பக்கத்துச் செம்மண் ஒரு பிடி போதும். இரும்புச் சட்டியில் வறுத்து ஈரத்தைப் போக்கி, டீ வடிகட்டியில் சலித்து, ஃபெவிகால் தடவிய தட்டின் மேல் தூவுங்கள். பசை பட்டதும் மண் கறுக்கும், பயப்பட வேண்டாம். நன்றாகக் காய்ந்த பிறகு வெளிர்க் காவியை உலர்ந்த பிரஷ்ஷில் எடுத்து மேலாகத் தடவினால் பழைய நிறம் திரும்பிவிடும். புல் வேண்டுமென்றால் காய்ந்த வைக்கோல் நிறத்தில் இரண்டு கொத்து, அவ்வளவுதான்.